கணினி விளையாட்டும் பாத்திர வார்ப்பும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஆற்றிய உரை)

நாவல், சிறுகதை, நாடகம் என்று பேசிப் பழகிய இவ்வேளையில் கணினி விளையாட்டைப் பற்றி ஒருவர் பேச வந்தால் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஏதாவதொரு மாடிக் குடியிருப்பில் மாலை ஏழு மணிக்கு எட்டிப் பாருங்கள். அப்பப்பா செய்தி பார்த்துக்கொண்டிருப்பார். பேரப்பிள்ளை கணினியின் முன்னே இருப்பான். அவன் சுடுவதும் ஓடுவதும் மாத்திரமே செய்கிறான் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவன் ஒரு கதையையும் கேட்டுக்கொண்டிருக்கிறான். எங்கள் தலைமுறைக்கு அம்புலிமாமா எதுவோ அவனுக்கு அது அதுவே. அந்தக் கதை நல்ல கதைதானா என்று கேட்பது தமிழாசிரியரின் வேலையல்ல என்று நான் கருதவில்லை.

காரணம் இருக்கிறது. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் சிறுகதை ஒன்றை எழுதி வந்து காட்டினான். பன்னிரண்டு பக்கமும் தம்பிக்காக உயிரையே கொடுக்கத் துணிந்து நிற்கும் அண்ணன், கடைசிப் பக்கத்தில் அவனைக் காட்டிக்கொடுத்து விடுகிறான். ஏன் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. கேட்டேன். "சேர், கடைசியில ஒரு திருப்பம் வரத்தானே வேணும். கேம் எல்லாத்திலயும் அப்பிடித்தான்" என்றான்.

பாத்திரம் மாறக் கூடாதென்று எவரும் சொல்லவில்லை. சிலப்பதிகாரத்திலே கண்ணகி மாறவில்லையா? புகாரில் வாய் திறவாதிருந்த பெண் மதுரையை எரிக்கிறாள். ஆயினும் அது நமக்குப் பொய்யாகப் படுவதில்லை. கணவன் திரும்பி வரத் தீர்த்தமாடிக் காமவேளைத் தொழலாம் என்று தேவந்தி சொல்லும்போது, அது தனக்குப் பெருமையன்று என்று ஒரே சொல்லில் மறுத்து விடுபவள் அவள். அந்த ஒரு சொல்லில் மதுரை எரிவதற்கான பொறி இருக்கிறது. இளங்கோ அதனை முன்னரே வைத்துவிட்டார். மாணவனின் அண்ணனுக்கு அப்படி ஒரு சொல்லும் வைக்கப்படவில்லை.

விளையாட்டில் இந்தக் குறை இன்னும் பாரதூரமானது. நாவலில் பாத்திரம் செய்வதை நாம் பார்த்திருக்கிறோம். விளையாட்டிலோ நம்முடைய கையே அதைச் செய்கிறது. 2013 இல் வெளிவந்த 'டூம் ரெய்டர்' விளையாட்டிலே லாரா குரொப்ட் என்னும் இளம்பெண் தீவொன்றில் கரையொதுங்குகிறாள். தற்காப்புக்காக முதன்முதலில் ஒருவனைக் கொல்ல நேரும்போது நடுநடுங்கிப் போகிறாள். அருமையான காட்சி. ஆனால் சிறிது நேரத்துக்குள் விளையாடுபவர் அவளைக் கொண்டே கூட்டங்கூட்டமாகக் கொன்று தள்ள வேண்டியிருக்கிறது. நடுங்கியவள் எங்கே போனாள்? கதை ஒன்றைச் சொல்ல, விளையாட்டு வேறொன்றைச் செய்விக்கும் இந்த முரணைக் கிளின்ற் ஹொக்கிங் என்னும் விளையாட்டு வடிவமைப்பாளர் 2007 ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டி அதற்குப் பெயரும் இட்டிருக்கிறார்.

நமது பக்கத்துக்கு வருவோம். இந்தியாவின் புனே நகரக் குழுவொன்று 2020 இல் 'ராஜி' என்ற விளையாட்டை வெளியிட்டது. அசுரர் கவர்ந்து சென்ற தம்பி கோலுவைத் தேடிப் புறப்படும் சிறுமியின் கதை. கோட்டைகளும் சுவரோவியங்களும் கண்ணைப் பறிப்பன. துர்க்கையின் திரிசூலம் அவள் கைக்கு வருகிறது. எல்லாம் சரி. ஆனால் கதையின் பெரும்பகுதியைத் துர்க்கையும் விஷ்ணுவும் மேலிருந்து நமக்குச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். ராஜி தன் மனத்தைத் தானாகத் திறக்கும் இடங்கள் சொற்பம். தம்பியுடன் அவள் சண்டை பிடித்து, சமாதானமாகி, சிரித்து வாழ்ந்ததைப் போதிய அளவு காணாத நாம் அவன் பிரிவுக்காக எவ்வாறு கலங்குவது? முடிவோ திடீரென வருகிறது. கதை முடிந்ததா, நிறுத்தப்பட்டதா என்று ஐயுற வேண்டியிருக்கிறது. தெய்வங்கள் கதை சொல்வது நம் மரபுக்குப் புதிதல்ல என்று சிலர் வாதிடலாம். புராணம் படிக்கும்போதுகூடப் பயன் சொல்பவர் அசுரனுக்கும் ஒரு நியாயத்தைக் காட்டாமல் விடுவதில்லையே.

இனி, தமிழர் உருவாக்கிய ஒன்று. பெயர் 'வெண்பா'. யாப்பிலக்கணம் என்று எண்ணிவிட வேண்டாம், கதாநாயகியின் பெயர் அது. ரொறன்ரோவிலுள்ள 'விசை கேம்ஸ்' என்ற சிறிய குழு 2023 ஜூலையில் வெளியிட்டது. 2024 இல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதையும் பெற்றது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. சுடுதல் இல்லை, சமையல்தான். தாய் கொடுத்த சமையற் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் மை அழிந்தும் கிடக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்று விளையாடுபவரே கண்டுபிடிக்க வேண்டும். புட்டும் உண்டு. அது குழற்புட்டு, எங்கள் நீத்துப்பெட்டிப் புட்டு அன்று. அதற்காகச் சண்டை பிடிக்கத் தேவையில்லை. மறந்துபோனதை மீட்டெடுப்பதுதான் கதை, கையால் செய்வதும் அதுவே. முன்னர் சொன்ன முரண் இங்கே இல்லை. தாயாக இருந்து சமைத்த நாம் பிற்பகுதியில் கவினாக மாறி அதே புத்தகத்தைத் தட்டுத்தடுமாறி வாசிக்கிறோம். பல பக்க வசனம் செய்யாத வேலையை அந்த ஒரு மாற்றம் செய்து விடுகிறது.

எனினும் கவின் விடயத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. சிறுவயதில் தமிழையும் தாயின் சாப்பாட்டையும் தட்டிக்கழித்தவன், தன்னைக் 'கெவ்' என்று அழைக்கச் சொன்னவன், வளர்ந்தபின் வருந்துகிறான். வருந்தலாம். எப்போது, எதனால்? விளையாட்டு ஆண்டுகளைத் தாண்டித் தாண்டிப் போகிறது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் படைப்பு அது. அந்த ஆண்டுகளுக்கு இடமில்லாமற் போயிற்று. கண்ணகியின் அந்த ஒரு சொல் கவினுக்குக் கிடைக்கவில்லை.

இதனால் உயர்தர வகுப்புக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். காட்டப்படாத அந்த ஆண்டுகளில் கவினுக்கும் தாய்க்குமிடையே நிகழும் ஒரு தொலைபேசி உரையாடல், ஒரு பக்கத்துக்கு மேற்படாமல். பலருக்கு யோசிக்க அதிக நேரம் தேவைப்படவில்லை. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ ஓர் அண்ணனோ அக்காவோ இல்லாத வீடு வெள்ளவத்தையில் குறைவு. திருப்பம் வேண்டுமென்ற அந்த மாணவனும் எழுதியிருந்தான். அவனுடையதில் திருப்பம் எதுவும் இல்லை. தாய் "சாப்பிட்டியா? என்ன சாப்பிட்டனி?" என்று கேட்கிறாள். திரையில் இரண்டு பொத்தான்கள் தோன்ற வேண்டும் என்று குறித்திருந்தான். ஒன்றில் 'புட்டு', மற்றதில் 'பீட்சா'. எதை அழுத்தினாலும் தாயின் மறுமொழி ஒன்றுதான்: "சரி அப்பன், நேரத்துக்குப் படு."