ஆடலும் அதன் பெயரும்



முப்பத்தைந்து ஆண்டுக் காலம் நாள்தோறும் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் படித்தவன் நான். ஆகவே, எந்தப் பெயரைக் கேட்டாலும், "இப்பெயர் எப்படி வந்தது?" என்று வினவும் பழக்கம் என்னை விட்டு நீங்கவில்லை. ஸ்காட்லாந்து மக்கள் கூடி ஆடுகின்ற நாட்டு நடனங்களின் பெயர்களைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியதும் இப்பழக்கத்தினாலேதான். "எடின்பரோவின் மலர்கள்," "ஐம்பத்தோராம் படைப்பிரிவின் ரீல்," "பெலோரஸ் ஜாக்" என்றெல்லாம் பெயர்கள் வழங்குமாயின், யாருக்குத்தான் காரணம் கேட்கத் தோன்றாது?

முதலில் அந்த ஆடல் எத்தகையது என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் நான்கு ஆடவர் ஒரு வரிசையாகவும், அவர்களுக்கு எதிரே நான்கு மகளிர் மற்றொரு வரிசையாகவும் நிற்பர். இசைஞர் இருக்கும் பக்கமே தலைப்பக்கம். அங்கு நிற்கும் முதல் இணையர் ஆட்டத்தைத் தொடங்கி, மற்றவர்களோடு கைகோத்தும், சுழன்றும், எட்டு என்னும் எண் வடிவில் வளைந்தும் ஆடிவிட்டுக் கீழே இறங்குவர். அடுத்த இணையர் மேலேறுவர். இசையில் ரீல், ஜிக் என்பன விரைந்த நடையின. ஸ்ட்ராத்ஸ்பே என்பது மெதுவான நடை. ஸ்பே என்னும் ஆறு பாயும் பள்ளத்தாக்கின் பெயரே அந்த இசைக்கு ஆகிவந்தது.

முதல் உலகப் போருக்குப் பின் இவ்வாடல்கள் மறைந்து போகும் நிலையில் இருந்தன. 1923ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் ஜீன் மில்லிகன், இசபெல் ஸ்டுவர்ட் என்னும் இரு பெண்மணிகள் முயன்று ஒரு சங்கத்தை நிறுவினர். மில்லிகன் அம்மையார் ஜோர்டன்ஹில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்வி கற்பித்தவர் என்பதை ஓர் ஆசிரியன் என்ற முறையில் சற்றுப் பெருமையுடனேயே சொல்லிக்கொள்கிறேன். முதியவர்களின் நினைவிலிருந்தும், பதினெட்டாம் நூற்றாண்டுப் பழஞ்சுவடிகளிலிருந்தும் ஆடல்களைத் திரட்டி, அச்சங்கத்தார் நூல் வரிசையாக அச்சிட்டனர். 1951இல் அச்சங்கத்திற்கு "ராயல்" என்னும் அரச மதிப்புப் பெயர் கிடைத்தது.

நிற்க. பெயர்களுக்கு வருவோம். பழைய ஆடல்களில் பலவற்றின் பெயர் உண்மையில் ஆடலின் பெயரன்று. அதற்கு வாசிக்கும் மெட்டின் பெயர். அக்காலப் பிடில் வித்துவான்கள் தம்மை ஆதரித்த பிரபுக்கள், சீமாட்டிகள், அவர்தம் மாளிகைகள் ஆகியவற்றின் பெயர்களைத் தம் மெட்டுகளுக்குச் சூட்டினர். அத்தோல் கோமகனின் ஆதரவு பெற்ற நீல் கௌ என்னும் புகழ்பெற்ற பிடில் கலைஞர், 1727 முதல் 1807 வரை வாழ்ந்தவர், இவ்வழக்கத்திற்குச் சிறந்த சான்று. ஆகவே ஒரு பிரபுவின் பெயர் ஆடலில் இருப்பதைக் கண்டவுடன், அவர் ஆடிய ஆட்டம் அது என்று எண்ணிவிடலாகாது. அவர் ஒரு வேளை ஆடத் தெரியாதவராகவும் இருந்திருக்கலாம்! "வெள்ளைக் குஞ்சம்" என்ற பெயரோ அரசியல் சார்ந்தது. 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் ஸ்டுவர்ட் இளவரசர் சார்லஸின் பக்கம் நின்றவர்கள் தொப்பியில் அணிந்த அடையாளம் அது.

"எடின்பரோவின் மலர்கள்" என்னும் பெயரைக் கேட்டால் நறுமணம் கமழ்கிறது. அந்நகரத்து அழகிய மங்கையரைக் குறித்தது என்று ஒரு சாரார் கூறுவர். மற்றொரு சாரார் சொல்வதைக் கேட்டால் நீங்கள் மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டு எடின்பரோவில் வீடுகள் அடுக்கடுக்காக உயர்ந்து நின்றன. கழிவுநீர் செல்ல வழி இல்லை. இரவானதும் மாடிச் சன்னல்களைத் திறந்து, "தண்ணீர் வருகிறது, விலகுங்கள்!" என்னும் பொருளில் "கார்டி லூ" என்று கூவிவிட்டு, அன்றைய கழிவையெல்லாம் தெருவில் கொட்டுவார்களாம். அந்த நாற்றத்தைத்தான் மக்கள் கேலியாக "மலர்கள்" என்றனர் என்பது அவர்கள் கூற்று. நகர மக்களின் குறும்பை அறிந்தவன் என்ற முறையில் எனக்கு இரண்டாவது விளக்கத்தின் மீதே ஆசை. ஆயினும் ஆசை சான்றாகாது.

பெயரை மட்டும் நம்பினால் ஏமாற்றம் நேரும் என்பதற்கு "மாரியின் திருமணம்" நல்ல எடுத்துக்காட்டு. ஸ்காட்லாந்துத் திருமண வீடுகளில் பெரிதும் விரும்பி ஆடப்படுவது இது. மாரி என்பவர் ஐலே தீவைச் சேர்ந்த மேரி மக்நிவன் என்னும் பாடகி. கேலிக் மொழிக் கலைவிழாவாகிய "மோட்" என்பதில் 1934ஆம் ஆண்டு அவர் தங்கப் பதக்கம் வென்றார். அவ்வெற்றியைப் பாராட்டி ஜான் ரோடரிக் பானர்மன் கேலிக் மொழியில் இயற்றிய பாடலே இதற்கு மூலம். பின்னர் ஹியூ ராபர்ட்டன் ஆங்கிலத்தில் பாட்டெழுதினார். பாட்டில் திருமணம் நிகழ்ந்துவிட்டது. மாரிக்கு உண்மையில் மணமானதோ 1941இல்! அந்த மெட்டிற்கு ஜேம்ஸ் காஷ் ஆடல் அமைத்து வெளியிட்டது 1959இல். வரலாறு படிக்கும் மாணவர்கள் இந்த ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தாலே போதும். இன்னார் திருமணத்தன்று ஆடிய ஆட்டம் என்ற கதை தானாகக் கலைந்துவிடும்.

இனி, என் உள்ளத்தை மிகவும் தொட்ட பெயருக்கு வருகிறேன். "ஐம்பத்தோராம் படைப்பிரிவின் ரீல்" என்பது அது.

இரண்டாம் உலகப் போரில் 51ஆம் ஹைலண்டு படைப்பிரிவு பிரான்ஸின் கிழக்கு எல்லையில் பிரெஞ்சுத் தளபதிகளின் ஆணைக்குக் கீழ் நிறுத்தப்பட்டிருந்தது. டன்கர்க் கரையிலிருந்து பிரிட்டிஷ் படைகள் கப்பலேறித் தப்பிய வாய்ப்பு அதனால் இவர்களுக்குக் கிட்டவில்லை. பின்வாங்கிப் பின்வாங்கிச் செயின்ட் வாலேரி என்னும் சிறு துறைமுகத்தை அடைந்தனர். பின்னே கடல், முன்னே ரோமலின் டாங்கிகள். 1940 ஜூன் 12ஆம் நாள் தளபதி விக்டர் ஃபார்ச்சூன் சரணடைந்தார். பல்லாயிரவர் கைதியாயினர். ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் ஒரு மகனையோ தமையனையோ இழக்காத சிற்றூர் அரிதாயிற்று.

அதிகாரிகளுள் பலர் பவேரியாவில், சால்சாக் ஆற்றங்கரையில் உள்ள லாவ்ஃபன் சிறைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். முன்னொரு காலத்தில் பேராயர்களின் அரண்மனையாக இருந்த கட்டடம் அது. உணவு குறைவு, குளிர் மிகுதி, விடுதலை நாள் எதுவென்று எவரும் அறியார். அங்கேதான் ஆர்கைல் சதர்லண்டு படையைச் சேர்ந்த லெப்டினன்ட் ஜிம்மி அட்கின்சன் என்பவர் தோழர்களுடன் சேர்ந்து ஒரு புதிய ஆடலை அமைத்தார். பெண்களே இல்லாத இடம்; ஆகவே மகளிர் வரிசையிலும் ஆடவரே நின்றனர். ஆட்டத்தின் நடுவில் நால்வர் கைகோத்து மூலைக்கு மூலை சாய்ந்த ஒரு கோடாக நிற்பர். பின்பு எதிர் மூலைகளை இணைத்து மற்றொரு கோடாக நிற்பர். இரண்டையும் மனத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பெருக்கல் குறி தோன்றுகிறதன்றோ? அதுவே புனித ஆண்ட்ரூவின் சிலுவை, ஸ்காட்லாந்துக் கொடியின் சின்னம்! கொடியேற்ற முடியாத இடத்தில், காவலர் கண்முன்னே, அக்கொடியைக் காலால் வரைந்து காட்டினார்கள்.

அட்கின்சன் ஆட்ட விதிகளைக் கடிதத்தில் எழுதி வீட்டுக்கு அனுப்ப, செருமானிய உளவுத் துறையினர் அதை மறைமொழி என்று கருதி நெடுநாள் மண்டையை உடைத்துக்கொண்டனர் என்று ஒரு கதை வழங்குகிறது. "முதலாமவர் இறங்கி, மூன்றாமவரைச் சுழற்றி, இரண்டாமவரின் இடத்தில் நிற்க" என்ற பாணியில் எழுதிய தாளைக் கண்டால், எந்தக் காவலருக்கும் ஐயம் எழாதா? எனவே அக்கதையை நான் ஒதுக்கிவிட மாட்டேன்.

இதனிடையே புதிதாகத் திரட்டப்பட்ட 51ஆம் படைப்பிரிவு எல் அலமைனில் போரிட்டது. 1944 செப்டம்பரில் அதே செயின்ட் வாலேரி ஊரை மீட்டது. 1945ஆம் ஆண்டு சங்கம் வெளியிட்ட பதின்மூன்றாம் நூலில் சிறைக்கூடத்து ஆடல் இடம் பெற்றது. வெற்றி நூல் என்றே அதனைக் குறிப்பிடுவர். பழஞ்சுவடிகளையே நாடிய சங்கம், இந்தப் புத்தாடலுக்கும் அதில் இடமளித்தது.

நேரம் குறைவாக உள்ளது. இன்னும் ஒரு பெயரைச் சொல்லி முடிக்கிறேன். "பெலோரஸ் ஜாக்" என்பவர் மனிதர் அல்லர். நியூசிலாந்துக் கடலில் வாழ்ந்த ஓர் ஓங்கில், அதாவது டால்பின். ஸ்காட்லாந்தியர் குடியேறிய நாடுகளிலெல்லாம் இந்நடனமும் குடியேறியது.  1888 முதல் 1912 வரை, வெல்லிங்டனுக்கும் நெல்சனுக்கும் இடையே சென்ற கப்பல்களை பிரெஞ்சுக் கணவாய் அருகில் இந்த ஓங்கில் எதிர்கொண்டு உடன் நீந்தி வரும். 1904இல் "பெங்குவின்" என்னும் கப்பலிலிருந்து ஒருவன் அதனைச் சுட முயன்றானாம். அவ்வாண்டே அரசாணை ஒன்று அதற்குச் சட்டக் காப்பு அளித்தது. பெங்குவின் கப்பல் 1909இல் உடைந்து 75 பேர் மாண்டனர். அந்தக் கப்பலுக்கு மட்டும் அது பின்னர் துணை வரவில்லை என்று மாலுமிகள் சொல்வர். மாலுமிகளின் கதையை மாலுமிகளின் கதையாகவே கொள்வோம்.

ஆடலில் அந்த ஓங்கில் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். முதல் இணையர் ஒருவர் பின் ஒருவராக ஒட்டி, ஓருடல் போல வளைந்து செல்வர். வளைவின் முனையை அடைந்ததும் பின்னிருப்பவர் முன்னே பாய்வார். முன்னிருந்தவர் அவரைத் தொடர்வார். அடுத்த வளைவில் மீண்டும் மாறுவர். கப்பலின் இப்புறம் மூழ்கி அப்புறம் எழும் ஜாக்கின் விளையாட்டு அது. ஆடுவோர் அந்த வளைவை "டால்பின் ரீல்" என்றே அழைக்கின்றனர்.