நீர்க் கட்டணமும் நமது கடமையும்

(யாழ்ப்பாணத்தில் வர்த்தகரும் கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நம் முன்னோர் விட்டுச் சென்ற காணி உறுதிகளைப் புரட்டிப் பாருங்கள். பரப்பும் எல்லையும் கூறியபின், கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, வழி வாய்க்கால் பாத்தியதை, நீர் அள்ளும் உரிமை என்று ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். அந்த ஒரு வரிக்காக உடன்பிறந்தார் இருவர் நீதிமன்றப் படியேறியதை நாம் கண்டிருக்கிறோம். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத இக்குடாநாட்டில் நீரே நிலத்தின் மதிப்பு. நீரே குடியின் உயிர். இதனை மனத்திற் கொண்டே இன்று நாம் நீர்க் கட்டணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

2022 செப்டெம்பரில் நீர்க் கட்டணம் உயர்த்தப்பட்டது. 2023 ஆகஸ்டில் மீண்டும் உயர்ந்தது. 2024 ஆகஸ்டில் சிறிது குறைக்கப்பட்டதாயினும், ஏறிய உயரத்தோடு ஒப்பிடின் இறங்கியது சொற்பமே. சாப்பாட்டுக் கடைக்காரர், விடுதி நடத்துவோர், சலூன்காரர், வாகனங் கழுவுவோர் ஆகிய அனைவரும் மாத முடிவில் பட்டியலைக் கையிலேந்தி மலைத்து நிற்கின்றனர். அவர்தம் மனக்குறை நியாயமானதே.

ஆயினும், இதற்குப் பரிகாரமாகச் சிலர் கூறும் யோசனை நம்மை அச்சுறுத்துகிறது. "குழாயைப் பூட்டிவிட்டு வளவிலே ஒரு குழாய்க்கிணறு அடித்தால் தொல்லை தீர்ந்தது" என்கின்றனர். தொல்லை தீரவில்லை, அன்பர்களே! அது பக்கத்துத் தோட்டக்காரனின் தலையில் ஏற்றப்படுகிறது, அவ்வளவே.

நமது நிலத்தின் இயல்பு என்ன? மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. நிலாவரைக் கேணியில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை யாவரும் அறிவர். நன்னீரின் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், கீழுள்ள உவர்நீர் காலப்போக்கில் ஏறத்தாழ நாற்பது அடி மேலெழும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. நகரத்தில் ஒரு முதலாளி மிச்சம் பிடிக்கும் பணத்துக்காகக் கோப்பாயில் ஒரு கமக்காரனின் மிளகாய்க் கன்று உவர்நீரிற் கருகுமாயின், அதனைச் சிக்கனம் என்று எந்த வாயால் சொல்வோம்?

வெளியிலிருந்து நீர் கொணர்வதும் எளிதன்று. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டம் எழுந்தபோது, கிளிநொச்சிக் கமக்காரர் தம் சிறுபோகம் பறிபோகுமென்று எதிர்த்தனர். அவர்கள் நம் பகைவரல்லர், நம் உடன்பிறந்தார். பின்னர் 2024 ஆகஸ்டில் தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரவல்ல கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. அதற்கும் கடற்றொழிலாளர் மத்தியில் எதிர்ப்பு எழுந்தது. கடல்நீரை இம்முறையில் நன்னீராக்க, ஒரு கன மீற்றருக்கு மூன்று நான்கு அலகு மின்சாரம் வேண்டும். இத்துணைச் செலவிலும் மனத்தாங்கலிலும் வந்த நீரைத்தான் நாம் முற்றத்திற் கொட்டுகிறோம்.

ஆகவே பட்டியலைக் குறைக்க நேர்வழி ஒன்றே: பாவனையைக் குறைப்பது. அதற்கான வழிகளைச் சொல்வோம்.

முதலாவது, இன்றிரவே கடையைப் பூட்டுமுன் எல்லாக் குழாய்களையும் அடைத்து, மானியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் திறந்ததும் மீண்டும் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால், ஒன்றில் எங்கோ ஒழுக்கு இருக்கலாம். அல்லது மேல்தொட்டியின் மிதவை பழுதடைந்து நீர் வழியலாம். மலசலகூடத் தொட்டியில் சிறிது சலவை நீலம் கலந்துவிடுங்கள். இழுக்காமலே கிண்ணத்தில் நீலம் தோன்றினால், அங்கே இரவும் பகலும் உங்கள் பணம் ஓடுகிறது.

இரண்டாவது, ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 15 லீற்றர் பாயும் குழாயைப் பிடித்துக் காலையும் மாலையும் இருபது நிமிடம் தரை கழுவினால் நாளொன்றுக்கு 600 லீற்றர். மாதத்துக்கு 18,000 லீற்றர். அதாவது பதினெட்டு அலகு! முதலில் விளக்குமாற்றாற் கூட்டிப் பின் வாளி நீரால் துடைத்தால் அதிற் பெரும்பகுதி மிஞ்சும். குழாய் முனையில் கைப்பிடி அடைப்பான் ஒன்றைப் பொருத்தினாலும் வீண்பாய்ச்சல் நிற்கும். பழைய பெருந்தொட்டிகளுக்குப் பதிலாக மூன்றும் ஆறும் லீற்றர் விடும் இரட்டை விசைத் தொட்டிகளை விடுதிக்காரர் பொருத்தலாம். அரிசியும் மரக்கறியும் கழுவிய நீரை வாழைக்கு விடலாம்.

மூன்றாவது, வானம் தரும் நீர். நமக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. ஆயிரம் சதுர அடிக் கூரை ஒன்றில் விழுவதில் ஐந்திலொன்று வீணானாலும், தொண்ணூறு கன மீற்றருக்கு மேல் மிஞ்சும். முதல் மழையைக் கழித்துவிட்டு, இயன்றதைத் தொட்டியிற் சேர்த்துக் கழுவுவதற்குப் பயன்படுத்துங்கள். மாரியில் மிகுந்து வருவதைக் குழி வெட்டி நிலத்துள் இறக்குங்கள். மழைநீர் சேகரிப்புக்குச் சட்டமும் உண்டு: 2007 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைத் திருத்தச் சட்டம். ஏட்டில் உறங்கும் சட்டத்தை எழுப்ப வேண்டியவர்கள் நாமே.

கமக்காரத் தோழர்களே, உங்களுக்கும் ஒரு சொல். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்ததற்கு அளவிறந்த உரமும் ஒரு காரணம். உச்சி வெயிலில் இறைத்த நீர் பயிருக்கும் சேராது, நிலத்துக்கும் சேராது. சொட்டு நீர்ப்பாசனத்துக்கு ஏற்ற பயிருக்கு அதனைக் கைக்கொள்ளுங்கள். வர்த்தகரைக் குறைகூறும் உரிமை நமக்கு அப்போதுதான் முழுமையாகும்.

அரசின் கடமையை நாம் மறந்துவிட்டோமா? இல்லை. வீதியில் உடைந்த பிரதான குழாயை நீர்வழங்கற் சபை உடனே திருத்த வேண்டும். தூர்ந்த குளங்களைத் தூர்வார வேண்டும். பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் 1950களில் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தின் நோக்கம், கடலுக்கு ஓடும் மாரி வெள்ளத்தைக் குடாநாட்டுக்கே ஆக்குவது. அது இன்றும் முற்றுப்பெறவில்லை. இவற்றை நாம் உரத்த குரலிற் கேட்போம்.

ஆனால், நியாயம் தேடி வருபவன் தூய கையோடு வரவேண்டும் என்பது சட்டத்தில் நாம் கற்ற முதற் பாடங்களில் ஒன்று. ஒழுகும் குழாயை வீட்டில் வைத்துக்கொண்டு கிளிநொச்சியாரிடம் நீர் கேட்க நமக்கு முகமில்லை. கொழும்பிடம் கேட்கவும் வலுவில்லை. அடுத்த பட்டியல் வருமுன் ஒவ்வொரு கடையிலும் மானியைப் பாருங்கள், ஒழுக்கை அடையுங்கள், கூரை நீரைச் சேருங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது இரண்டு பட்டியல்களையும் கையோடு கொண்டுவாருங்கள். அந்த வித்தியாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரசிடம் பேசுவோம்.