மாமூலுக்கு ரசீது கிடையாது

(துவாரகாவில் நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலையில் இட்லி வண்டி போடுகிறவர்கள், பூக்கட்டி விற்கிறவர்கள், துணி தேய்க்கிறவர்கள், ஒரு ஷட்டர் கடையை வாடகைக்கு எடுத்து மெஸ் நடத்துகிறவர்கள் என்று பல தொழில் செய்யும் நாம் இங்கே கூடியிருக்கிறோம். நம் எல்லோருக்கும் பொதுவான பிரச்சினை ஒன்று உண்டு. அதுதான் லைசென்ஸ். அதைப் பெறுவது எப்படி, பெற்றதைக் காப்பாற்றுவது எப்படி என்பதைப் பற்றியே இன்று பேசப் போகிறோம்.

"எதற்கு இந்த வம்பு? கொடுக்கிறதைக் கொடுத்துவிட்டுப் பிழைப்பைப் பார்ப்போம்" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சற்று நிதானமாகக் கணக்குப் போடுவோம். வாரத்துக்கு 200 ரூபாய் மாமூல் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 10,400 ரூபாய் ஆகிறது. இந்தப் பணத்துக்கு ரசீது கிடையாது. வாங்கிய ஆள் மாற்றலாகிப் போனால் புது ஆளிடம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 'கமேட்டி வண்டி வருது' என்று தெருமுனையில் குரல் கேட்டால், கொதிக்கிற சாம்பாரோடு ஓடத்தான் வேண்டும். ஆக, லைசென்ஸ் இல்லாதவர் கட்டணம் கட்டாமல் தப்பித்துவிடவில்லை. கட்டிக்கொண்டேதான் இருக்கிறார், உரிமை மட்டும் கிடைப்பதில்லை.

இந்த உரிமையை எந்த சர்க்காரும் தானாக மனமிரங்கித் தந்துவிடவில்லை. நம்மைப் போன்றவர்கள் கோர்ட்டுப் படியேறி வாங்கியது இது. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985 ஜூலையில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிழைக்கும் வழியும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்று அது சொன்னது. அந்த வழக்கின் மனுதாரர்களில் ஒருவர், வறட்சியால் சேலத்தை விட்டு 1961இல் பம்பாய்க்குப் பிழைக்கப் போன நிலமற்ற கூலித் தொழிலாளி. அவர்களுடைய குடிசைகளை அந்தத் தீர்ப்பால் காப்பாற்ற முடியவில்லை. ஆனாலும் அதில் சொல்லப்பட்ட கோட்பாடு நிலைத்துவிட்டது. 1989இல் நம் தில்லியைச் சேர்ந்த சோதன் சிங் வழக்கில், தெருவில் வியாபாரம் செய்வது அரசியல் சட்டம் தரும் தொழில் உரிமையில் சேரும், அதை ஒழுங்குபடுத்தலாமே தவிர ஒழிக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. 2010இல் கேந்தா ராம் வழக்கில், இதற்கென்று சட்டம் இயற்றுங்கள் என்று நீதிமன்றம் கெடு வைத்தது. அதன் பிறகுதான் 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் வந்தது. அந்த ஆண்டு மே 1 அன்று, உழைப்பாளர் தினத்தில், அது அமலுக்கு வந்தது.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும் வரை எந்தத் தெரு வியாபாரியையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது 3ஆம் பிரிவு. இடத்தை மாற்றுவதானால் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது 18ஆம் பிரிவு. சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். உரிமை கோரினால் அழுகும் பொருளை அன்றைக்கே, மற்றதை இரண்டு வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. சான்றிதழின் நிபந்தனைப்படி வியாபாரம் செய்கிறவரைப் போலீசும் தடுக்கக் கூடாது என்கிறது 27ஆம் பிரிவு.

"இடமில்லை" என்று ஒரு பதில் வரும். ஒரு பகுதியின் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை தெரு வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கலாம் என்பது சட்டத்தின் அளவுகோல். 2011 கணக்கெடுப்பில் தில்லியின் மக்கள்தொகை 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல். கணக்குப் பார்த்தால் 4 லட்சம் பேருக்கு மேல் இடம் உண்டு. துவாரகா தில்லி வளர்ச்சி ஆணையம் வரைபடம் போட்டு எழுப்பிய துணைநகரம். செக்டார்தோறும் அடுக்குமாடிக் குடியிருப்புகள், அகலமான சாலைகள், மார்க்கெட்டுகள். அந்தக் குடியிருப்புகளில் பாத்திரம் துலக்குகிறவரும் காவல் காக்கிறவரும் எங்கே டீ குடிப்பார்கள், என்ன விலைக்குச் சாப்பிடுவார்கள்? வரைபடம் விட்ட இடத்தை நிரப்புகிறவர்கள் நாம்தான்.

இனி நாம் செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

முதலாவது, கணக்கெடுப்பு. குறைந்தது ஐந்தாண்டுக்கு ஒருமுறை அது நடந்தாக வேண்டும். அந்த நாளில் வியாபாரம் செய்யும் இடத்தில் நாமே இருக்க வேண்டும். பழைய சலான், தெஹ்பஜாரி ரசீது, பறிமுதல் சீட்டு எதையும் தூக்கி எறியாதீர்கள். அபராதம் கட்டிய சலான்கூட, நாம் அந்த இடத்தில் அந்தத் தேதியில் இருந்தோம் என்பதற்குச் சாட்சி. 2012 முதல் 2022 வரை துவாரகா தெற்கு தில்லி மாநகராட்சியில் இருந்தது. 2022 மே மாதம் மூன்று மாநகராட்சிகளும் ஒன்றாக்கப்பட்டன. அந்தப் பழைய பெயரில் உள்ள ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது, பெயர். இது தமிழர்களான நமக்கே உரிய தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரு காகிதத்தில் இனிஷியல், இன்னொன்றில் தகப்பனார் பெயரே கடைசிப் பெயர், மூன்றாவதில் கணவர் பெயர். இந்தியில் எழுதும் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதிவிடுகிறார். மூன்று காகிதமும் மூன்று ஆளைக் காட்டினால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். ஆதார், வங்கிப் புத்தகம், வாக்காளர் அட்டை மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கும்படி இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பெற்றதைக் காப்பது. வியாபாரத்தை நாமோ நம் குடும்பத்தாரோ நடத்த வேண்டும். சான்றிதழையோ இடத்தையோ வாடகைக்கு விடக் கூடாது என்று உறுதிமொழி கொடுத்துத்தான் சான்றிதழ் வாங்குகிறோம். ஆகவே, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது வீட்டார் வண்டியைப் பார்த்துக்கொள்ளலாம். மாத வாடகை பேசி வெளியாளிடம் விடக் கூடாது. விட்டால் லைசென்ஸ் போகும். அதைவிட மோசம், தெருவுக்கு வந்த இன்னொரு ஏழையிடம் நாமே மாமூல் வாங்குகிறவர்களாகிவிடுவோம். சான்றிதழ் பட்டா அல்ல. இடம் நமக்குச் சொந்தமாகாது. ஆனால் நம் பக்க விளக்கத்தைக் கேட்காமல் அதை ரத்து செய்யவும் முடியாது. உரியவர் இறந்துபோனால் அது மனைவிக்கோ கணவருக்கோ, அவரை அண்டியிருந்த பிள்ளைக்கோ போகும். 2020இல் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதிக் கடன் திட்டத்தின் முதல் தவணை 10,000 ரூபாயாக இருந்து, 2025இல் 15,000 ஆக்கப்பட்டது. அந்தக் கடனுக்குப் போகும்போதும் கையில் இந்தச் சான்றிதழ் இருந்தால்தான் பேச்சு சுலபம்.

கடை வைத்து மெஸ் நடத்துகிறவர்களுக்கு ஒரு சொல். தில்லியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மாநகராட்சி உரிமம், உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவு ஆகியவற்றோடு போலீசின் லைசென்சும் வேண்டியிருந்தது. தோசை சுடுவதற்குப் போலீஸ் அனுமதி! 2025 ஜூனில் அந்த அதிகாரம் போலீசிடமிருந்து எடுக்கப்பட்டது. இனியும் அந்தப் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால், கொடுக்காதீர்கள். சங்கத்துக்கு வந்து சொல்லுங்கள்.

காகிதம் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். 2025 ஜூன் 1 அன்று, உயர்நீதிமன்ற உத்தரவின்படி, ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் இருந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. 370 குடிசைகளில் 215 குடும்பங்கள் மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றதாக அறிவிக்கப்பட்டன. அவர்களுக்கும் வீடு கிடைத்தது தில்லியின் வடகோடியில் உள்ள நரேலாவில். மற்றவர்கள் தகுதிப் பட்டியலுக்கு வெளியே. அதே வாய்க்கால் ஓரத்தில் வாழ்ந்தவர்கள்தான் அவர்களும். உழைப்பில் அவர்களுக்குள் வேற்றுமை இல்லை. பட்டியல்தான் அவர்களை இரண்டாகப் பிரித்தது.

தரகர்கள் நம் ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் தேடி வருகிறார்கள். தனியாக இருக்கிறவரிடம்தான் அவர்கள் வியாபாரம் நடக்கும். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாத இடங்கள் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளுக்கு உரியவை. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. எந்தத் தெருவில் விற்கலாம், எங்கே கூடாது என்ற பேச்சு நடக்கும் மேஜை அது. விடியுமுன் மாவு கரைத்து வண்டி தள்ளுகிற நம் தாய்மார்கள் அந்த மேஜையில் உட்கார வேண்டும். நமக்கு இந்தி சரளமாக வராது என்று ஒதுங்கினால், நமக்காக வேறு யாரோ பேசுவார்கள். அவர்கள் தங்களுக்காகத்தான் பேசுவார்கள்.

பீகாரிலிருந்து வந்த பழ வண்டிக்காரரும், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த காய்கறிக்காரரும் இதே தெருவில் இதே மாமூலைக் கொடுக்கிறார்கள். அவர்களோடு சேராமல் இந்த உரிமையை நாம் மட்டும் தனியாகக் காப்பாற்ற முடியாது.

ஆகவே தோழர்களே, இன்று கலையுமுன் ஒவ்வொருவரும் பெயர், தொழில், செக்டார், இடம், எத்தனை ஆண்டாக என்ற விவரங்களைச் சங்கப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போங்கள். அடுத்த கூட்டத்துக்கு உங்களிடம் உள்ள எல்லாச் சீட்டுகளையும் கொண்டு வாருங்கள். நம் கணக்கை நாம் எடுத்து வைத்திருந்தால், அவர்கள் கணக்கெடுக்க வரும் நாளில் யாருடைய பெயரும் விடுபட விடமாட்டோம்.