குடும்ப மானமும் ஒரு பெண்ணின் காதலும்

ஒரு பெண்ணின் காதல் அவளுக்கும் அவள் விரும்பியவனுக்கும் உரியதாக இல்லாமல், தகப்பனுக்கும் தமையனுக்கும் இனசனத்துக்கும் ஊருக்கும் உரிய வழக்காக மாறிவிடும் நிலையை இரண்டு திரைப்படங்கள் இரண்டு விதமாக எடுத்துக்காட்டின. ஒன்று, சிசிலித் தீவைக் களமாகக் கொண்டு பியெத்ரோ ஜெர்மி நெறியாள்கை செய்து 1964இல் வெளிவந்த, 'ஏமாற்றிக் கைவிடப்பட்டவள்' என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட இத்தாலிய அங்கதப் படம்; மற்றையது, யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்டு தர்மசேன பத்திராஜ நெறியாள்கை செய்து 1977இல் வெளிவந்த 'பொன்மணி'. அங்கதம் என்பது, சமூகம் உயர்வாகப் போற்றும் ஒன்றை நகைப்புக்கு இடமாக்கி, அதன் உள்ளீட்டை வெளிக்காட்டும் கலை.

'பொன்மணி'யின் கதையை எழுதியவர் காவலூர் இராசதுரை. பத்திராஜ யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் சிங்களம் கற்பித்தவர். தமிழ்நாட்டுப் படங்களின் பாணியை ஒதுக்கி, தான் வாழ்ந்து பார்த்த ஊரின் நடையிலேயே படத்தை நகர்த்தினார். சீதனம் கொடுக்க வழியின்றித் தவிக்கும் வேளாளக் குடும்பம் ஒன்றில், மூத்தவளின் கலியாணம் ஒப்பேறாமல் இருக்க, இளையவளான பொன்மணி வேறு சாதி இளைஞன் ஒருவனை விரும்பி அவனோடு வீட்டை விட்டு வெளியேறுகிறாள். கதை துயரத்திலேயே முடிகிறது. சிங்களக் கலைஞர் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சாதியைப் பற்றி இவ்வளவு நேராகவும் இவ்வளவு பரிவோடும் பேசியமை ஈழத்துச் சினிமாவின் பெருமைகளுள் ஒன்றென்றே கொள்ளத்தக்கது.

இக்கதையின் வேர் மண்ணில் இருக்கிறது. புத்தூர் போன்ற வலிகாமத்துக் கிராமத்தில், கிணற்று நீரை நம்பிப் புகையிலையும் வெங்காயமும் மரக்கறியும் விளைவிக்கும் குடும்பத்துக்குத் தோட்டக்காணியும் கிணற்றுப் பங்குமே பெருஞ்சொத்து. ஒரே கிணற்றில் பலருக்குப் பங்கு இருப்பதும், அப்பங்கு சீதன உறுதியில் எழுதப்பட்டு மகளோடு இன்னொரு வீட்டுக்குப் போவதும் இங்கு வழக்கம். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை என்னும் யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டம், சொத்தை மூவகைப்படுத்துகிறது: பரம்பரையாக வருவது முதுசம், மகளுக்குக் கலியாணத்தில் கொடுப்பது சீதனம், கணவனும் மனைவியும் சேர்ந்து ஈட்டுவது தேடியதேட்டம். ஆகவே குமர் ஒன்றைக் கரைசேர்ப்பது என்பது காணியும் கிணறும் எந்தக் குடும்பத்தின் கைக்குப் போகும் என்பதைத் தீர்மானிப்பதாகவும் இருந்தது. தரகர் சாதகக் குறிப்போடு படலையைத் திறக்கும்போது, பெண்ணின் விருப்பத்தைக் கேட்க எவருக்கும் தோன்றாமைக்கு இதுவே முதற்காரணம். சாதியின் இறுக்கமும் இதனோடு பின்னிக்கிடக்கிறது.

ஜெர்மியின் படத்தில் அக்னேசே என்னும் இளம்பெண்ணை, அவளுடைய தமக்கைக்கு நிச்சயிக்கப்பட்டவனே, மதியச் சாப்பாட்டின் பின் வீடு உறங்கும் வேளையில் மயக்கிக் கெடுக்கிறான். பின்னர், கன்னிமை இழந்தவளை மணக்கமாட்டேன் என்று அவனே மறுக்கிறான். தகப்பன் வின்சென்சோவின் கவலை மகளைப் பற்றியதன்று, ஊர் என்ன சொல்லும் என்பதைப் பற்றியதே. மூத்தவளுக்குப் பதில் மாப்பிள்ளையாக, நொடித்துப்போன பிரபு ஒருவனைத் தேடிப்பிடித்து, அவனுடைய பொக்கை வாய்க்குப் பொய்ப்பல் கட்டிக் கொடுத்து, மாப்பிள்ளைக் கோலத்துக்கு ஆளாக்குகிறான். அப்பல் பளிச்சிடும் காட்சியில் அரங்கு சிரிக்கும்போது, குடும்ப மானம் என்பது வெளியே தெரியும் பல்வரிசையாகச் சுருங்கிவிடுவதை உணரலாம். தகப்பனாக நடித்த சாரோ ஊர்ட்சிக்கு 1964ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

யாழ்ப்பாணத்துக்கு இச்சிரிப்பு அந்நியமானதன்று. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் 'நானாடகம்' என்ற நூலில் வெளியிட்ட 'உடையார் மிடுக்கு', அந்நியர் ஆட்சியில் ஊரதிகாரியாக இருந்த உடையாரின் அதிகாரச் செருக்கை, யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழிலேயே நகைப்புக்கு ஆளாக்கியது. ஆயினும் 'பொன்மணி' அவ்வழியை நாடாமைக்கு நியாயம் உண்டு. தகப்பன் சிரிப்புக்குரியவனாகத் தெரியவேண்டுமாயின், பார்ப்பவர் அவனிடமிருந்து ஓரளவேனும் விலகி நிற்கவேண்டும். கோயில் வாசலும் தேநீர்க்கடையும் சாதியால் மூடப்பட்டிருந்தமைக்கு எதிரான போராட்டங்கள் நடந்து பத்தாண்டும் கழியாத யாழ்ப்பாணத்தில், அந்த விலகல் இன்னும் வாய்க்கவில்லை. பத்திராஜவின் மௌனம் நீண்ட காட்சிகள் அக்காலத்துக்கு உண்மையானவை, ஜெர்மியின் ஆரவாரத்திலும் ஆழமானவை.

சிசிலியில் அவ்விலகலை வாழ்க்கையிலும் நிகழ்த்திக் காட்டியவள் ஒரு பெண். கெடுத்தவனே மணந்துகொண்டால் குற்றம் அற்றுப்போகும் என்று இத்தாலியத் தண்டனைச் சட்டத்தின் 544ஆம் பிரிவு கூறியது. ஜெர்மியின் கதை முழுதும் சுழல்வது அதன்மீதே. படம் வெளிவந்து மூன்று ஆண்டுக்குள், அல்காமோ என்னும் ஊரைச் சேர்ந்த பிராங்கா வியோலா, தன்னைக் கடத்தியவனை மணக்க மறுத்து, தகப்பனின் துணையோடு வழக்காடி அவனைச் சிறைக்கு அனுப்பினாள். அச்சட்டப்பிரிவு 1981இல் நீக்கப்பட்டது. தேசவழமைக்கு உட்பட்ட மனைவியோ, தன் சீதனக் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் பெறவேண்டும் என்ற விதி, 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழியாக நெடுங்காலம் நிலைத்திருந்தது. உள்நாட்டுப் போரில் கணவன் காணாமற்போன பெண், தாய் தந்தையர் தனக்கென எழுதிக்கொடுத்த காணியை விற்கவும் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை நாடவேண்டியவளாகவே இருந்தாள்.