பகடை உருளாத சண்டை

ரோல்-பிளேயிங் கேம்களில் சண்டை என்றாலே பெரும்பாலும் பகடைதான். 1974இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸில் மேஜைமேல் உருண்ட பகடை, பின்னாளில் கணினிக்குள் போய் மறைந்துகொண்டது. போக்கிமானில் ஒரே அடி ஒருமுறை முழு வலுவோடும் மறுமுறை அதில் 85 சதவீதத்தோடும் விழுவதற்கு அந்தப் பகடையே காரணம்.

அடிக்கும் முன்பே விளைவைக் காட்டிவிடும் கேம்கள் வேறு வகை. அங்கே அதிர்ஷ்டத்துக்கு வேலை குறைவு, கணக்குக்கே வேலை. 2000இல் வந்த பேப்பர் மாரியோவில் தாக்கும் வலுவிலிருந்து தற்காப்பைக் கழித்தால் சேதம் வந்துவிடும். ஆனால் பொத்தானைச் சரியான நொடியில் அழுத்தும் கைவேகமும் வேண்டியிருப்பதால் அது பாதிப் புதிர்தான்.

முழுப் புதிர் என்றால் டெஸ்க்டாப் டஞ்சன்ஸ். தென்னாப்பிரிக்காவின் க்யூசிஎஃப் டிசைன் குழு உருவாக்கியது. இலவசமாக வந்த அதன் தொடக்க வடிவமே 2011இல் இண்டிபெண்டண்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலில் சிறந்த வடிவமைப்புக்கான பரிசைப் பெற்றது. முழு வடிவம் 2013இல் வெளியானது. இதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்வது கடினம்.

இதில் அரக்கர்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். ஓய்வெடுத்து உடம்பைத் தேற்றிக்கொள்ள வழியில்லை. இருட்டில் கிடக்கும் கட்டங்களைத் திறந்தால்தான் உயிரும், மந்திரத்துக்குச் செலவாகும் மானாவும் ஏறும். கட்டங்கள் தீர்ந்தால் ஓய்வும் தீர்ந்தது. மாதக் கடைசிச் சம்பளப் பணம்போல் எண்ணி எண்ணித்தான் அவற்றைச் செலவழிக்க வேண்டும்.

முதல் லெவல் வீரனிடம் 10 மானா இருக்கும். ஒரு தீப்பந்துக்கு 6 செலவு. அது 4 புள்ளி சேதம் செய்யும். மிச்சம் 4 மானா. அடுத்த தீப்பந்துக்கு இரண்டு கட்டங்களைத் திறந்தாக வேண்டும். திறந்தால் அடிபட்ட அரக்கனுக்கும் உயிர் கொஞ்சம் திரும்பிவிடும். ஓய்வு இரண்டு தரப்புக்கும் பொது, இதுதான் முடிச்சு.

முடிச்சை அவிழ்க்கவும் ஒரு வழி உண்டு. லெவல் ஏறும்போது உயிரும் மானாவும் முழுதாக நிரம்பிவிடும், கட்டம் எதுவும் செலவாகாமல். அதனால் தேர்ந்த ஆட்டக்காரர் எளிதில் சாகக்கூடிய ஓர் அரக்கனைக் கொல்லாமல் மிச்சம் வைப்பார். பெரிய எதிரியைப் பாதிவரை அடித்துவிட்டு, சாகும் நிலையில் திரும்பிவந்து அந்தச் சின்னதைக் கொல்வார். லெவல் ஏறும், வீரன் புதிதாவான், பெரிய எதிரியோ அடிபட்டபடியே நிற்பான். லெவல் என்பது இங்கே பரிசு மட்டுமல்ல, மருந்தும்கூட.

விளைவு தெரிந்தால் சுவாரசியம் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. 95 சதவீதம் என்று காட்டிவிட்டுக் குறிதவறும் கேம்களில் தோற்றவர் திரையைத் திட்டலாம். இங்கே திட்ட யாருமில்லை. எந்தக் கட்டத்தை அவசரப்பட்டுத் திறந்தோம் என்று தேடத்தான் முடியும். யோசித்து யோசித்து ஆட்டம் நகராமல் போவது உண்மையான குறை; பொறுமையில்லாதவருக்கு இது ஒத்துவராது.

2018இல் சப்செட் கேம்ஸ் வெளியிட்ட இன்டு தி பிரீச், வியூக ஆட்டமானாலும் டெஸ்க்டாப் டஞ்சன்ஸுக்கு நெருங்கிய உறவு. எட்டுக்கு எட்டுக் கட்டக் களத்தில் எதிரி அடுத்து எங்கே அடிப்பான் என்பது முன்னரே தெரியும். அவனை ஒரு கட்டம் தள்ளிவிட்டால் அந்த அடி அவன் கூட்டாளிமேலேயே விழலாம். தாக்கப்படும் கட்டடம் தாங்கிக்கொள்ளும் சிறு வாய்ப்பை மட்டும் அதிர்ஷ்டத்துக்கு விட்டிருக்கிறார்கள், அதுவும் ஆட்டக்காரருக்குச் சாதகமாக.