இராஜிநாமாக் கடிதத்துக்கு முன்னால்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாட்டும் நாடகமும் நிறைந்த இம்மேடையில் நோயைப் பற்றிப் பேச வந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். மாதச் சம்பளத்தை நம்பி வாழாத குடும்பம் நம் காலனியில் இல்லை. ஆதலால் இது நம் அடுப்படி விஷயமே.

மறதி நோய் என்றவுடன் எண்பது வயதுப் பாட்டனார்தாம் நினைவுக்கு வருகிறார். ஆனால் ஜெர்மானிய வைத்தியர் ஆல்ஸ்ஹைமர் 1906ஆம் ஆண்டில் இந்நோயைப் பற்றி உரை நிகழ்த்தியபோது எடுத்துக்காட்டியது, 51 வயதில் மருத்துவமனைக்கு வந்த ஒரு பெண்மணியை. உத்தியோக வயதில் இந்நோய் அரிதே. வந்துவிட்டாலோ, பல சமயம் காரியாலயத்தில்தான் முதலில் தலைகாட்டுகிறது. கூட்டல் பிழைக்கும், கோப்பு காணாமற்போகும். சிலருக்கு நினைவு கெடாமலே குணம் மாறும். மேலதிகாரி அதனை அசட்டை என்கிறார். வீட்டிலுள்ளோர் மனக்கவலை என்கின்றனர்.

என் நண்பர் ஒருவர் மத்திய அரசுக் காரியாலயமொன்றில் 26 ஆண்டுகள் கணக்கெழுதியவர். அவருக்கு 54 வயதானபோது, 2014ஆம் ஆண்டில், விளக்கம் கேட்டுக் கடிதத்தின்மேல் கடிதமாக வந்தது. மானம் பெரிதென்று எண்ணி ஒரிரவு இராஜிநாமா எழுதினார். அதன் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தவன் அடியேன். எட்டு மாதங் கழித்து வைத்தியர் நோயின் பெயரைச் சொன்னார். அதற்குள் கடிதம் ஏற்கப்பட்டு, விதிப்படி முந்தைய சேவை முழுவதும் கழிந்து, பென்ஷனும் போயிற்று. விருப்ப ஓய்வு என்று இரண்டு சொற்கள் எழுதியிருந்தால் அதுவாவது நின்றிருக்கும். கம்பெனி உத்தியோகஸ்தனாகிய நான் அரசு விதிகளை அறியேன். அவரோ அறிந்ததை மறந்திருந்தார்.

பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை விலக்கலாகாது என்னும் சட்டம் 1995ஆம் ஆண்டிலேயே இருந்தது. அதனிடத்தில் வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவும் அதனையே விதிக்கிறது. பழைய வேலை இயலாவிடின் அதே சம்பளத்தில் வேறு வேலை தரவேண்டும்; அதுவும் இல்லையேல், உபரிப் பதவியொன்றில் ஓய்வு வயது வரையிலாவது வைத்துக்கொள்ள வேண்டும். அச்சட்டத்தின் பட்டியலில் டிமென்ஷியா என்ற பெயர் காணப்படாது. அதனால் மனந்தளர வேண்டா. மனநோய்க்கு அது கூறும் இலக்கணத்திலேயே நினைவுக் குலைவு அடங்கியுள்ளது. மனநோயும் ஒரு காரணமாக நேர்ந்த தவற்றுக்கு ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது பாரபட்சமென்று உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் தீர்ப்பளித்துள்ளது.

தனியார் கம்பெனியில் இப்பாதுகாப்பு இல்லை. எனினும் பி.எஃப். சந்தாவோடு சேர்ந்த 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில், ஒரு மாதச் சந்தா கட்டியவரும், பணியிலிருக்கும்போதே நிரந்தரமாக முற்றிலும் இயலாதவரானால் பென்ஷன் பெறலாம். பணியிலிருக்கும்போதே என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கூலி வேலை செய்வோருக்கு மத்திய அரசின் ஊனமுற்றோர் பென்ஷன் மாதம் 300 ரூபாய். அதற்கும் 80 சதவீத ஊனமும் வறுமைக்கோட்டுச் சான்றும் வேண்டும். இதனை உதவி என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை.

ஆகவே முதலில் செய்ய வேண்டுவது வைத்தியப் பரிசோதனை. பி12 சத்துக் குறைவு, தைராய்டுக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் இதே வேஷம் போடும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அது வரையில் விடுப்பு எடுக்கலாம். எதிலும் கையெழுத்து மட்டும் வேண்டா.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்குத் தனியே ஒரு சொல். பின்னாளில் கற்ற மொழியே பெரும்பாலும் முதலில் நழுவுகிறது. என் நண்பருக்குப் போனது இந்தி. மனைவியோடு தமிழில் தடையின்றிப் பேசினார். ஆகையால் அவ்வம்மையார் நெடுநாள் ஒன்றும் அறியவில்லை. மருத்துவமனையிலோ இந்தியில் கேள்வி கேட்டு, பதில் வராததற்கெல்லாம் மதிப்பெண் குறைத்தார்கள். இரு மொழியும் அறிந்த ஒருவரை உடனழைத்துச் செல்லுங்கள். காரியாலயத்தில் நேர்ந்த பிழைகளைத் தேதியோடு எழுதிக் கொண்டுபோங்கள்.

சான்றிதழ் விண்ணப்பம் எழுத உதவி வேண்டுவோருக்காக ஞாயிறு காலைகளில் சங்க வாசகசாலையில் காத்திருப்பேன். எவரேனும் கடிதம் கொணர்ந்தால், ஆங்கிலத்தைப் பார்க்குமுன், இதை எதற்கு எழுதினீர்கள் என்று கேட்பேன்.