மண்ணுக்கடியில் யாருக்குப் பங்கு?

பட்டம் பெறும் மாணவர்களே, வெயில் ஏறுகிறது, விஷயத்துக்கு வருகிறேன்.

ஓக்லஹோமாவிலும் டெக்சாஸிலும் லேண்ட்மேன் வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். துளை போடும் ஆட்கள் வருமுன், நிலத்தடி எண்ணெய் யாருக்குச் சொந்தம் என்று கண்டுபிடித்துக் குத்தகைக்குக் கையெழுத்து வாங்குவது என் தொழில். பெரும்பாலான நாடுகளில் அது அரசின் சொத்து. அமெரிக்காவில் தனியாருக்கும் சொந்தம். மேல்மண்ணை விற்றுவிட்டு அடியில் இருப்பதை வைத்துக்கொள்ளலாம். எனக்கும், இந்தத் தொழிலுக்கு வரும் உங்களுக்கும் பிழைப்பே அதில்தான்.

ஒரு கவுண்டிப் பதிவறையில் பழைய பத்திரம் ஒன்று கிடைத்தது. 160 ஏக்கர். விற்றவர் எண்ணெய் உரிமையில் பாதியைத் தனக்கே நிறுத்திக்கொண்டதாகக் கடைசி வரி சொன்னது. ஆக, அங்கே உழுகிற குடும்பத்துக்கு எண்ணெயில் 80 ஏக்கர் பங்குதான். மீதி 80, விற்றவரின் ஐந்து பிள்ளைகளுக்குத் தலா 16. அதில் ஒரு பங்கின் வாரிசான மூதாட்டிக்குத் தன் பெயரில் இப்படியொரு சொத்து இருப்பதே தெரியாது.

அவர் வீட்டுச் சமையலறை மேசையில் குத்தகையை விரித்து வாசித்தேன். "மூன்று வருஷத்தில் துளை போடாவிட்டால் முடிந்துவிடும். எண்ணெய் வந்தால், அது வருகிற வரை நீளும்."

"என் பேரன் காலத்திலுமா?"

"ஆமாம், நீளலாம்."

பேனாவை மூடிவிட்டு, வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கம்பெனியில் எனக்கு நல்ல திட்டு. சில நாளில் அவரே கூப்பிட்டார். எண்ணெய் வருமானத்தில் எட்டில் ஒரு பங்கு ராயல்டியைப் பதினாறில் மூன்றாக உயர்த்தச் சொல்லிக் கையெழுத்திட்டார். மற்ற பங்குகளை வைத்திருந்த உறவுக்காரர்கள் நால்வரிடமும் எனக்காகப் பேசினார்.

மாணவனாக இருந்தபோது எண்ணெய் விலை வகுப்பில் நான் முதல் பெஞ்ச், இந்த வாரிசுக் கணக்கெல்லாம் வரும் சொத்துரிமை வகுப்பில் கடைசி பெஞ்ச். விலை பற்றிப் படித்தது எதுவும் பலிக்கவில்லை. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் எதிர்கால ஒப்பந்த விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 37 டாலருக்குப் போனது! விலை சரிந்தால் முதலில் நிற்பது புதுக் குத்தகைதான். அதோடு நம் வேலையும் நிற்கும். ஆனால் வாரிசுக் கணக்கு தெரிந்தவரைக் காற்றாலைக்காரர்களும் சூரிய மின்சாரக்காரர்களும் தேடி வருகிறார்கள்.

ஆகவே பத்திரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். நிலத்துக்காரருக்குப் பாதகமானதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சின்ன ஊர்களில் கம்பெனிப் பெயர் மறந்துபோகும். வாசித்துக் காட்டியவர் முகம் மறக்காது.

வாழ்த்துகள். உங்கள் தாத்தா பாட்டி யாராவது இந்தப் பக்கம் நிலம் விற்றிருந்தால், முதல் வேலையாக அந்தப் பத்திரத்தைப் போய்ப் பாருங்கள்!